குணபரன் மகேந்திரவர்மன்: கல்லில் நின்ற மன்னனும் கதையில் நின்ற மன்னனும்

தொண்டை நாட்டுக் கடற்கரையில், மாமல்லபுரத்திற்கு வடக்கே அமைந்த திருவிடந்தை என்னும் ஊரை நம் வாசகர்களுள் பலர் அறிவர். திருமங்கையாழ்வார் பாடிய தலம் அது. காலவ முனிவருக்கு 360 பெண்மக்கள் இருந்தனர் என்றும், திருமால் நாளுக்கு ஒருவராக அவர்களை மணந்து, முடிவில் அனைவரையும் ஒருத்தியாக்கித் தம் இடப்பக்கத்தில் ஏற்றருளினார் என்றும் அவ்வூர்த் தலபுராணம் கூறும். அக்கதையை நம்பி, மணமாகாத ஆண்களும் பெண்களும் இன்றும் மாலை சூடி அக்கோயிலை வலம் வருகின்றனர். கதைக்கு உள்ள ஆற்றலுக்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை. கோயிலும் விழாவும் பாட்டும் ஒரு கதையைத் தாங்கி நிற்குமாயின், அது மக்களை வீட்டினின்று புறப்படச் செய்கிறது, வேண்டச் செய்கிறது, வாடிய நெஞ்சிற்கு ஆறுதலும் அளிக்கிறது.

ஆறுதல் அளிக்கும் அதே ஆற்றல் அச்சத்தையும் இழிவையும் அளிக்க வல்லது என்பதைத் தமிழ்ச் சமணராகிய நாம் அறிவோம். சமணர் என்றால் நாவுக்கரசரை நீற்றறையில் இட்டவர்கள் அல்லரோ என்று உடன் பயிலும் மாணவர் வினவும்போது, நம் குழந்தைகள் விடையறியாது வாளாவிருக்கின்றனர். வீட்டில் பெரியோரைக் கேட்டால், அரசன் மதம் மாறினான், பள்ளிகளை இடித்தான், நம் குலம் அழிந்தது என்னும் மற்றொரு துயரக்கதை விடையாகக் கிடைக்கிறது. இரண்டும் ஒரே கதையின் இரு முகங்களே. அக்கதையின் நடுவில் நிற்பவன் பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன். அவன் யார், அவன் விட்டுச்சென்ற கற்கள் யாது கூறுகின்றன, அவனைப் பற்றிய கதை எப்போது எவ்வாறு உருப்பெற்றது என்பனவற்றை நிரல்பட எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

அரண்மனையும் அறப்பள்ளியும்

காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சிம்மவிஷ்ணுவின் மைந்தன் மகேந்திரவர்மன். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் அரியணை ஏறி, ஏறத்தாழ கி.பி. 630 வரை ஆண்டான் என்பது வரலாற்றாசிரியர் கருத்து. மாமல்லன் எனப் புகழ்பெற்ற முதலாம் நரசிம்மவர்மன் இவன் மகன். கடல்மல்லைக்கு மாமல்லபுரம் என்னும் பெயர் வழங்கக் காரணமானவன் அம்மகனே என்பர்.

மகேந்திரன் பிறந்த குடியில் சமணம் அயலாரது சமயமாக இருக்கவில்லை. சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி என்னும் ஜைன முனிவர் பாடலிகை என்னும் ஊரில் லோகவிபாகம் என்னும் நூலை எழுதி முடித்தார். அவ்வாண்டு காஞ்சி வேந்தன் சிம்மவர்மனுக்கு 22ஆம் ஆட்சியாண்டு என அந்நூல் குறிக்கிறது. அந்தப் பாடலிகையே இன்றைய கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூர் என அறிஞர் பலர் கொள்வர். பின்னர் அதே பெயருடைய மற்றொரு சிம்மவர்மன், மகேந்திரனின் பாட்டன், தன் 6ஆம் ஆட்சியாண்டில் பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக் குரவருக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான் எனப் பள்ளன்கோயில் செப்பேடு தெரிவிக்கிறது. ஜின காஞ்சி என நாம் போற்றி வழிபடும் திருப்பருத்திக்குன்றமே அது. ஆகவே மகேந்திரன் இளமையில் ஜைன முனிவரைக் கண்டும் அவர்தம் அறவுரை கேட்டும் வளர்ந்திருத்தல் இயல்பே. அதனினும் மிகுத்து அவன் இளமைச் சமயத்தைப் பற்றிக் கூறுவதற்கு அவன் காலத்துச் சான்று இல்லை.

கல் கூறும் மன்னன்

மகேந்திரனைப் போலத் தன் பெயரைப் பல வடிவில் கல்லில் பொறித்துச் சென்ற மன்னர் அரியர். குணபரன், சத்துருமல்லன், லளிதாங்குரன், அவனிபாஜனன், விசித்திரசித்தன், மத்தவிலாசன், சித்திரகாரப்புலி, பகாப்பிடுகு எனப் பல விருதுப்பெயர்கள் அவனுக்கு உண்டு. விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவும் இன்றி நான்முகன், சிவன், திருமால் மூவருக்கும் ஒரு கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமிதம் கொள்கிறான். தளவானூரில் சத்துருமல்லேசுவரமும், சீயமங்கலத்தில் அவனிபாஜன பல்லவேசுவரமும், மகேந்திரவாடியில் திருமாலுக்கு ஒரு குடைவரையும், திருச்சிராப்பள்ளி மலையில் லளிதாங்குர பல்லவேசுவர கிருகமும் அவன் அமைத்தவை. சிவனுக்கு எடுத்தான், திருமாலுக்கும் எடுத்தான், மூவருக்கும் ஒருங்கே எடுத்தான். ஒரு சமயத்தை மட்டும் பற்றிக்கொண்டு ஏனையவற்றை ஒழிக்க முற்பட்ட மன்னனின் செயலாக இவை தோன்றவில்லை.

செங்கற்பட்டு நகருக்கு அருகிலுள்ள வல்லம் என்னும் சிற்றூரின் குன்றிலும் அவன் காலத்துக் குடைவரை உண்டு. அதனைக் குடைவித்தவன் மன்னன் அல்லன். வசந்தப்பிரியரேசரின் மகன் கந்தசேனன் என்னும் சிற்றரசன். மன்னனின் பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் ஆகிய விருதுகளைத் தூணில் தமிழில் பொறித்து, தான் அவனுக்கு அடியான் என அறிவித்துக்கொள்கிறான். அரசனுடைய பெயர் சிற்றூர்க் குன்றுகளில் நிலைபெற்ற வழியை இக்கல்வெட்டு காட்டுகிறது. பெயர் செல்லும் இடமெல்லாம் ஆணையும் செல்லும்.

மன்னன் நகைச்சுவை அறிந்தவனுமாவான். அவன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி அங்கத நாடகத்தை கணபதி சாஸ்திரியார் 1917இல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்து வெளியிட்டார். காஞ்சியில் கள்ளுண்டு திரியும் காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைக்கிறான். பௌத்த பிக்கு ஒருவர்மீது பழி சுமத்துகிறான். பாசுபதர் ஒருவர் நடுவராக வருகிறார். இறுதியில் நாயிடமிருந்து அதனைப் பெற்ற பித்தன் ஒருவனிடம் கபாலம் கிடைக்கிறது. காபாலிகரும் பாசுபதரும் சிவநெறியைச் சார்ந்தவர்கள். அவர்களையே மேடையேற்றி நகையாடுகிறான் மன்னன். சமணரைப் பற்றி அக்குடிகாரன் போகிறபோக்கில் ஏளனமாகச் சில சொற்கள் பேசுகிறான். எனினும் ஜைன முனிவர் எவரும் பாத்திரமாக வரவில்லை. தன் ஊர்ச் சமயவாதிகளின் போலித்தனத்தை எள்ளிய கூர்மதியினனாகவே மன்னனை இந்நாடகம் நமக்குக் காட்டுகிறது.

ஒரு போர், இரு புகழுரைகள்

மகேந்திரன் காலத்துப் பெருநிகழ்ச்சி, வாதாபிச் சளுக்க வேந்தன் இரண்டாம் புலிகேசியின் படையெடுப்பு. இதனை இரு ஆவணங்கள் இருவகையாகக் கூறுகின்றன. கி.பி. 634இல் பொறிக்கப்பட்ட ஐகொளேக் கல்வெட்டு, புலிகேசி பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்தான் எனப் புகழ்கிறது. அதனை யாத்தவர் இரவிகீர்த்தி என்னும் ஜைனப் புலவர். பொறித்த இடம் அவர் எடுப்பித்த ஜினாலயம். பிற்காலப் பல்லவரின் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரன் காஞ்சியை அடுத்த புள்ளலூரில் தன் தலைமைப் பகைவரை அழித்தான் என்கிறது.

இரண்டும் அரசர் புகழ்பாட எழுந்தவை. தன் தலைவன் தோற்றான் என எழுதும் அவைப்புலவர் உலகில் எங்கும் அரியர். இரவிகீர்த்தி நம் சமயத்தவர் என்பதனால் அவர் உரை மட்டும் முழுமெய் ஆகிவிடாது. அரசவையில் பிறக்கும் எழுத்தை அரசவையின் தேவையோடு சேர்த்தே படித்தல் வேண்டும். இந்த அளவுகோலைக் கையில் ஏந்தியே அடுத்துவரும் கதையை அணுகுவோமாக.

கதை கூறும் மன்னன்

திருவாமூரில் வேளாளர் குடியில் மருள்நீக்கியார் பிறந்தார். இளமையில் பெற்றோரை இழந்தார். தமக்கை திலகவதியார் அவரை வளர்த்தார். அவர் பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை அடைந்து, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்று விளங்கினார். பின்னர்க் கொடிய சூலைநோய் வருத்த, தமக்கையாரிடம் மீண்டு, திருவதிகையில் திருநீறு பெற்று நோய் நீங்கி, நாவுக்கரசர் ஆனார். சமணர் பல்லவ மன்னனிடம் முறையிட்டனர். மன்னன் அவரை நீற்றறையில் இடுவித்தான், நஞ்சூட்டுவித்தான், யானையை ஏவினான், கல்லோடு பிணித்துக் கடலில் எறிவித்தான். அனைத்தினும் தப்பிய அவரைக் கண்டு மன்னன் மனம் மாறிச் சைவன் ஆனான். பாடலிபுரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அக்கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான். பெரியபுராணம் இவ்வாறு கூறுகிறது.

இந்நூலை இயற்றிய சேக்கிழார் நம் பகுதியினரே. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் குன்றத்தூரில் பிறந்து, இரண்டாம் குலோத்துங்க சோழனின் (கி.பி. 1133–1150) அமைச்சராக விளங்கியவர். மகேந்திரன் மறைந்து ஐந்து நூற்றாண்டுகள் கழிந்தபின் எழுந்த நூல் இது. மன்னனின் பெயரை மகேந்திரன் என அந்நூல் எங்கும் கூறவில்லை. குணபரன் என்னும் விருதுப்பெயரைக் கோயிற்பெயரில் கண்டு, அம்மன்னன் மகேந்திரனே எனத் துணிந்தவர்கள் இக்கால ஆராய்ச்சியாளர்கள்.

இந்நூல் பிறந்த காரணம் பற்றி வழங்கும் செய்தி நாம் ஊன்றி நோக்கத்தக்கது. சோழ மன்னன் திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியை விரும்பிக் கேட்டு மகிழ்ந்திருந்தான். அது சமணர் கதை. இம்மைக்கும் மறுமைக்கும் பயன் தராது என உணர்த்தி, அவன் நெஞ்சை அடியார் வரலாற்றின்பால் திருப்பவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் எனச் சேக்கிழார் புராணம் கூறுகிறது. இச்செய்தி நடந்ததோ இல்லையோ, அக்காலத்தவர் ஒன்றைத் தெளிவாக அறிந்திருந்தனர் என்பதை இது காட்டுகிறது. அரசன் எக்கதையைக் கேட்கிறானோ அக்கதையின் பக்கமே நிலமும் பொன்னும் மதிப்பும் சாயும். ஒரு கதையை வெல்லப் படை உதவாது. அதனினும் சிறந்த மற்றொரு கதையே வேண்டும். சேக்கிழார் பெருங்கவிஞர். அவர் கதையின் அழகே அதன் ஆற்றலாயிற்று.

சான்றுகளை நிறுத்துப் பார்த்தல்

மகேந்திரன் மதம் மாறினான் என்பதற்குக் கல்வெட்டுச் சான்றாகக் காட்டப்படுவது திருச்சிராப்பள்ளிக் குடைவரையிலுள்ள ஒரு வடமொழிச் செய்யுள். குணபரன் என்னும் மன்னன் இலிங்கத்தை உடையவனாக இருக்க, பகைநெறியினின்று மீண்ட ஞானம் இவ்விலிங்கத்தால் உலகில் நெடிது பரவுக என்னும் கருத்துடையது அது. பகைநெறி எனப்பட்டது சமணமே என அறிஞர் பலர் பொருள் கொண்டனர். ஆயினும் அச்செய்யுளில் சமணம் என்னும் சொல் இல்லை. மேலும் இலிங்கம், இலிங்கி, விபட்சம் ஆகியவை தருக்க நூலின் கலைச்சொற்கள். புலமை மிக்க மன்னன் இருபொருள்படச் சொல்விளையாட்டு நிகழ்த்துகிறான் எனக் கொள்வாரும் உளர். மன்னன் சிவபக்தன் என்பதற்கு அச்செய்யுள் உறுதியான சான்று. பள்ளிகளை இடித்தான் என்பதற்கு அது சான்றாகாது.

மகேந்திரன் மறைந்து ஏறத்தாழப் பத்தாண்டுகளில், கி.பி. 640ஐ ஒட்டி, சீனப் பயணி யுவான் சுவாங் காஞ்சிப் பகுதி பற்றிய குறிப்பை எழுதினார். அங்கே நூறு பௌத்தப் பள்ளிகளும் பதினாயிரம் பிக்குகளும் இருந்தனர் என்றும், எண்பது தேவாலயங்கள் இருந்தன என்றும், நிர்க்கிரந்தர் மிகுதியாக வாழ்ந்தனர் என்றும் குறித்தார். நிர்க்கிரந்தர் என்போர் திகம்பர ஜைனர். அவர் பௌத்தர், நம்மைப் புகழவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. மன்னன் சமணத்தை வேரறுத்திருந்தால், அவன் தலைநகரில் பத்தாண்டிற்குள் நிர்க்கிரந்தர் மிகுதியாகக் காணப்பட்டிருத்தல் இயலாது.

பிற்காலச் சான்றுகளும் உள. இன்றைய செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்து ஆனந்தமங்கலத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 945இல், வர்த்தமானப் பெரியடிகள் அங்குள்ள ஜினகிரிப்பள்ளியில் நாள்தோறும் ஓர் அடியவருக்கு உணவளிக்கப் பொன் வைத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. மகேந்திரனின் குடைவரை உள்ள சீயமங்கலத்திலேயே பிற்காலத்து ஜைனப் புடைப்புருவங்களும் உள்ளன. திருப்பருத்திக்குன்றத்துக்குச் சோழ வேந்தர் காலத்திலும் கொடைகள் வந்தன. 1387ஐ ஒட்டி விசயநகர அமைச்சர் இருகப்பர் அங்கே சங்கீத மண்டபம் எடுப்பித்தார்.

இவை எல்லாம் நம் முன்னோர்க்கு இன்னல் நேரவே இல்லை எனக் காட்டுவன அல்ல. அரசர் ஆதரவு குறைந்தது. நிலக்கொடைகள் சைவ, வைணவக் கோயில்கள் பக்கம் பெருகின. பக்திப் பாடல்களும் திருவிழாக்களும் பெருந்திரளான மக்களை ஈர்த்தன. தேவாரப் பாடல்களில் சமணரைப் பழித்துரைக்கும் இடங்கள் பல. பகைமை இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பல தலைமுறைகளில், ஊருக்கு ஊர் வேறுபட்டு நிகழ்ந்த மெல்லிய மாற்றத்தை, ஒரு மன்னனின் ஒரு நாள் மனமாற்றமாகச் சுருக்கிவிட்டது கதை. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்னும் கதையும் இத்தகையதே. அதற்கு அக்காலக் கல்வெட்டுச் சான்று கிடைக்கவில்லை. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் அதனை வெறும் கட்டுக்கதையாகவே கருதினார். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் அச்சணந்தி முனிவர் முதலியோர் செய்வித்த திருமேனிகள் இன்றும் உள்ளன.

நடந்ததோ இல்லையோ, அக்கதைகளின் விளைவு உண்மையானது. கோயிற்சுவரில் கழுமரம் ஓவியமாகத் தீட்டப்பட்டது. சமணர் துன்புறுத்தப்படுவது தெய்வச் செயல் என்னும் எண்ணம் தலைமுறை தலைமுறையாகக் காண்போர் கண்வழி நெஞ்சில் இறங்கியது. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சாவகக் குடிகள், நீற்றறை மூட்டிய கொடியோராகக் கதையில் நின்றனர். அடக்கப்பட்டவனையே கொடியவனாகக் காட்டுமாயின், அடக்குமுறை அறமாகத் தோன்றும். கதையின் தீமை இவ்விடத்தில்தான் உள்ளது. அதனினும் பெருந்தீமை, நாமே அதனை நம்பி, நம் இருப்பை மறைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசப் பழகியது.

அறிஞரையும் ஆட்கொண்ட கதை

மதமாற்றக் கதை பாமரரை மட்டும் ஆட்கொள்ளவில்லை. சித்தன்னவாசல் குடைவரை ஓவியங்களை 1920ஐ ஒட்டி ஆராய்ந்த துப்ரேல் முதலியோர், அவை மகேந்திரன் சமணனாக இருந்த காலத்தில் தீட்டப்பட்டவை என எண்ணினர். அப்பகுதியிலுள்ள கல்வெட்டோ, பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை இளங்கௌதமன் என்னும் ஆசிரியர் அம்மண்டபத்தைப் புதுக்கியதைத் தெரிவிக்கிறது. மன்னன் சமணனாக இருந்தான் என முன்னரே முடிவு கட்டியமையால், அந்த முடிவிற்கு ஏற்ற சான்று கண்ணில் பட்டது. கற்றோர்க்கே இந்நிலை எனின் மற்றையோர் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பமும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதனை அருச்சுனன் தவம் என்பர் சிலர். பகீரதன் தவம் என்பர் சிலர். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1950இல் எழுதிய ஒரு நூலில், சகர சக்கரவர்த்தியின் மைந்தர்களைப் பற்றிய ஜைன புராணக் கதையே அதில் செதுக்கப்பட்டுள்ளது எனக் காரணங்காட்டி எழுதினார். அவர் கருத்தைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனினும் ஒரே பாறை மூவருக்கு மூன்று கதைகளைக் கூறுகிறது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அதே ஊரின் இராமானுச மண்டபத்தில், உருத்திரன் எவர் நெஞ்சில் உறையவில்லையோ அவர்க்கு இகழ்ச்சி உண்டாகுக என ஆறுமுறை அடுக்கிப் பழிக்கும் வடமொழிச் செய்யுள் தரையில் பொறிக்கப்பட்டுள்ளது. மகேந்திரனுக்குப் பின்வந்த பல்லவர் காலத்தது அது. அங்கிருந்த சைவத் திருவுருவங்களைப் பின்னொரு காலத்தார் உளியால் கொத்தி அழித்து, வைணவச் சின்னங்களைப் பொறித்தனர். பழித்த எழுத்து எஞ்சியது. வழிபட்ட உருவம் அழிந்தது. பிறரை இகழ எழுதப்பட்ட கல் தன் தெய்வத்தைக் காக்க உதவவில்லை.

நம் கதைகளையும் நோக்குவோம்

இவ்விடத்தில் நம் கண்ணாடியையும் சற்றே பார்த்தல் நேர்மையாகும். அகளங்கதேவரின் வாதப்போர் பற்றிய கதையை நாம் குழந்தைகட்குப் பெருமையுடன் கூறுகிறோம். காஞ்சியில் இமசீதள மன்னன் அவையில் அவர் பௌத்தரை வாதில் வென்றார். தோற்ற பௌத்தர் ஈழத்திற்குத் துரத்தப்பட்டனர் என்பது அக்கதை. செக்கிலிட்டு ஆட்டப்பட வேண்டியவர்கள் நாடுகடத்தலோடு தப்பினர் என்னும் வடிவமும் உண்டு. அகளங்கர் ஜைனத் தருக்க நூலின் ஞாயிறு, அதில் ஐயமில்லை. ஆனால் தோற்றவர் நாட்டை விட்டு நீங்கவேண்டும் என்பதை வெற்றியின் அணிகலனாகக் கூறும் கதைக்கும், சமணர் கழுவேறினர் எனக் கொண்டாடும் கதைக்கும் அமைப்பில் என்ன வேறுபாடு? முதற்கதையைக் கேட்கும் பௌத்தக் குழந்தையின் நெஞ்சு எவ்வாறு நோகும் என்பதை நம்மினும் நன்கு அறியக்கூடியவர் எவர்?

கதையைக் கதையால் வெல்ல முற்படின் பகைமைக்கு முடிவில்லை. மாற்றுவழி ஒன்றை நம் அண்மை வரலாறே காட்டியுள்ளது. சைவ மடத்துச் சூழலில் கற்ற உ.வே. சாமிநாதையர் அவர்கள் 1880க்குப் பின் சீவகசிந்தாமணியை ஆராயத் தொடங்கியபோது, பொருள் விளங்காத இடங்களுக்கு விளக்கம் நாடிக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்றார். அங்கே அந்நூல் பக்தியோடு ஓதப்படுவதைக் கண்டார், அமர்ந்து கேட்டார், ஐயம் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பயனற்றது என ஒரு புராணம் ஒதுக்கிய காப்பியத்தை, அப்புராணத்தைப் போற்றும் மரபில் வந்த ஒருவரே தமிழுலகிற்கு மீட்டுத் தந்தார். அவருக்குக் கதவைத் திறந்து, சுவடி தந்து, பொருள் கூறியவர் நம் குடும்பத்தார். இரு தரப்பும் செய்தது ஒன்றே. பிறர் சொல்லக் கேட்டதை ஒதுக்கிவைத்து நேரில் கேட்டனர், நேரில் கூறினர்.

மகேந்திரவர்மனைப் பற்றி நம் குழந்தைகட்கு யாது கூறுவது? அவன் சிவபக்தன், திருமாலுக்கும் கோயில் எடுத்தவன், கலைஞன், நாடகாசிரியன், போரில் வெற்றியும் இடரும் கண்டவன், அவன் முன்னோர் நம் பள்ளிக்கு ஊர் அளித்தனர், அவன் மறைந்தபின்னும் காஞ்சியில் நம்மவர் வாழ்ந்தனர் என்று கூறுவோம். அவனைப் பற்றிப் பெரியபுராணம் பாடியது பக்திக் காப்பியம். அதன் நோக்கம் அடியார் பெருமை கூறல். அதனை வரலாற்று ஆவணமாகக் கொள்ளலாகாது என்று பணிவோடு விளக்குவோம். நாவுக்கரசர் தமிழுக்குச் செய்த தொண்டையும் மறவாது கூறுவோம். நம் ஊர்களில் உள்ள கல்வெட்டுகளையும் சிலைகளையும் சுவடிகளையும் காட்டி, இவை நாம் வாழ்ந்ததற்கு மட்டுமன்றி, அயலாரோடு கூடி வாழ்ந்ததற்கும் சான்று என்று உணர்த்துவோம்.

பொருளை ஒரு கோணத்தில் நோக்கும் அறிவை நயம் என்கிறது நம் ஆகமம். அந்த ஒரு கோணமே முழுமெய் எனச் சாதித்து, ஏனைய கோணங்களை மறுப்பது துர்நயம். அரசனின் புகழுரை ஒரு நயம். அடியாரின் புராணம் ஒரு நயம். நம் இல்லத்துத் துயரக்கதையும் ஒரு நயமே. அவற்றுள் எதனையும் துர்நயமாக வளரவிடாது காப்பது அனேகாந்தம் கற்ற குடியின் பொறுப்பாகும்.